முழங்கால் போட்ட வண்டி

அறுப்பின் பண்டிகை அன்று, சின்னமனூர்க் கோயில் வாசலில், போதகர் பிரசங்கத்தின் மூன்றாவது குறிப்புக்கு வந்த நேரத்தில் வைகுண்டராஜின் கார் முழங்கால் போட்டது.

யாரும் அதைத் தொடவில்லை. முன்பக்கத்து இடது சக்கரத்தின் மேல் மெல்ல மெல்ல இறங்கி, தலையைச் சாய்த்து, பயபக்தியோடு உட்கார்ந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்த சபையார் பார்த்தார்கள். காணிக்கையாக வந்த வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போக வேண்டிய நேரம். ஏலம் கேட்க ஒருத்தரும் இல்லை. அத்தனை பேரும் காரைச் சுற்றித்தான் நின்றார்கள்.

"அண்ணாச்சி கடைசி பெஞ்சுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்துதான் ஜெபம் பண்ணுவாக. அவுக வண்டி ஒழுங்கா முழங்கால் போடுது பாருங்க" என்றார் ஒருவர். போதகர்கூடச் சிரிப்பை அங்கிக்குள் ஒளித்துக்கொள்ள முடியாமல் திரும்பி நின்றார்.

வைகுண்டராஜின் மனைவி சாராள் கடைசியாக, படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கி வந்தாள். காரைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"குடும்பத்துல ஒருத்தருக்காவது பக்தி வந்துச்சே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வைகுண்டராஜ் சின்னமனூரில் சொட்டுநீர்ப் பாசனக் கடை வைத்திருப்பவர். குழாய், வால்வு, ஃபில்டர், ஜாயின்ட் எல்லாம் கிடைக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் தோட்டத்துக்குத் தன் கடைக் குழாயில்தான் தண்ணீர் பாய்கிறது என்று அவர் சொல்வார். மற்றவர்கள் கால்வாசி என்பார்கள். கடைப் பலகையில் பேருக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கும்: ஒழுகாது. அப்படிப்பட்ட மனுசரின் கார் ஒழுகி உட்கார்ந்தால் ஊர் சும்மா விடுமா? திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே பஜார் முழுக்கச் செய்தி போய்விட்டது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டயம் பக்கம் ஒரு ரப்பர் முதலாளி ஓட்டி அலுத்துப்போய் விற்றது, குமுளி மலையிறங்கி வைகுண்டராஜிடம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டு வண்டி. அதில் ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கு மேலேயும் நாலு காற்றுப் பைகள். ஒரு பட்டனை அமுக்கினால் காற்று ஏறி வண்டி உயரும். இன்னொன்றை அமுக்கினால் காற்று இறங்கி வண்டி தாழும். இந்த ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களிடம், "மேகமலை எஸ்டேட்டுக்குச் சரக்கு குடுக்கப் போறேன்ல? அந்த ரோட்டுக்கு உசரம் வேணும்" என்று சொல்லிவைத்திருந்தார்.

பச்சைப் பொய். உயருவதற்காக அவர் அந்த வண்டியை வாங்கவே இல்லை. தாழ்வதற்காக வாங்கினார்.

சாராள் முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூட டீச்சர். ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் சங்கக் கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தவள். முழங்கால் இரண்டும் தேய்ந்தன. ஆபரேசன் என்றால் பேச்சை மாற்றுவாள். ஏறுவதற்கு ஸ்டூல் வைத்தால் எட்டி உதைப்பாள். ஒருத்தர் கையைப் பிடித்து ஏறுவது என்பது அவள் அகராதியிலேயே இல்லை. பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால் 'பாவம் டீச்சர்' என்பார்கள். அந்தப் 'பாவம்' அவளுக்கு ஆகாது.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் கூடலூரில் ஒரு கல்யாணம். அப்போது வைகுண்டராஜிடம் இருந்தது ஜீப் மாதிரி உயரமான வண்டி. கல்யாணம் முடிந்து பஜாரில் வைத்து ஏறும்போது சாராளுக்கு முழங்கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்காரர்கள் ரெண்டு பேர், நல்ல மனசோடுதான், "ஏலே, அந்தப் பக்கம் பிடி! ஆத்தா, பாத்து!" என்று வாழைத்தார் ஏற்றுகிற மாதிரி அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். பஜாரே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தவள், அதற்கப்புறம் தெருமுனைக் கோயிலைத் தவிர எங்கேயும் போகவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் காய்ச்சல். சொந்தத் தங்கை ஜெபஷீலா கூடலூரில்தான் இருக்கிறாள், அங்கேயும் போகவில்லை. சாயங்காலம் கடையடைத்து வரும்போதெல்லாம் அவள் அதே நாற்காலியில் அதே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வைகுண்டராஜுக்குப் பொறுக்கவில்லை. உனக்காகத்தான் கார் வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பியிருப்பாள். அதனால்தான் அந்த எஸ்டேட் பொய்.

அவள் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்கிவிடுவார். அவள் வந்து சேரும்போது வண்டி பதுங்கிக் கிடக்கும். ஒரு சாதாரண நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காருவாள். இறங்குகிற இடத்திலும் அப்படியே. "இந்த வண்டி பரவாயில்ல, குட்டையா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு வைகுண்டராஜ் கடையில் ரெண்டு பேருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். வாங்கிக் குடித்தவர்கள் பயந்தே போனார்கள். ஒரே வருசத்தில் சாராள் தேனிக்குப் போனாள், போடிக்குப் போனாள், பெரியகுளத்துக்குப் போனாள். இப்போது கடைசியாக, வரும் சனிக்கிழமை கூடலூரில் தங்கை கட்டிய புதுவீட்டின் பிரதிஷ்டைக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் வண்டி முழங்கால் போட்டது.

லூர்துநாதனின் ஒர்க்‌ஷாப் சின்னமனூரைத் தாண்டிக் கம்பம் போகிற ரோட்டில் இருக்கிறது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் பாதி அவரிடம்தான் வரும். ஸ்பிரிங் பிளேட் மாற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்றில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் மட்டும் அவருக்கு இளக்காரம்.

"இரும்பை நம்பலாம் அண்ணாச்சி. காத்தை எவனாச்சும் நம்புவானா?" என்றார், சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே.

பக்கத்தில் தன் சரக்கு வண்டிக்கு பிரேக் பார்க்க வந்திருந்த செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரர். வைகுண்டராஜைப் பார்த்ததும் விட்டுப்போன சண்டையை எடுத்தார்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த ஜாயின்ட்டு ஒழுகுதுன்னு மூணு தடவ வந்து சொல்லிட்டேன்."

"எங்க கடை ஜாயின்ட்டு ஒழுகாது. நீ மாட்டத் தெரியாம மாட்டிருப்ப."

"முப்பது வருசமாத் தோட்டம் பாக்குறேன். எனக்கு மாட்டத் தெரியாதா?"

"முப்பது வருசமாத் தப்பா மாட்டியிருக்க. குழாயை நேரா வெட்டணும். உள்ள முழுசாத் தள்ளணும். இம்புட்டுத்தான். சின்னப் பிள்ளைகூடச் செய்யும்."

செல்லப்பாண்டி முகம் கறுத்து வெளியே பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் லூர்துநாதன் சக்கரத்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்.

"அண்ணாச்சி, இதுக்கு முந்தி இதுல எவனும் கை வச்சானா?"

கை வைத்தது வைகுண்டராஜேதான்.

மூன்று மாசத்துக்கு முன்னால், கடைக் குடோனில் நிறுத்தியிருந்த வண்டியின் காற்றுக் குழாயை எலி கடித்துவிட்டது. அன்றைக்குப் பத்து மணிக்குச் சாராள் போடியில் கூட்டத்துக்குப் போக வேண்டும். மணி ஒன்பது. வண்டி தரையோடு கிடக்கிறது. வைகுண்டராஜ் சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினார். கடித்த இடத்தை வெட்டினார். தன் கடை ஜாயின்ட் ஒன்றை எடுத்துச் சொருகினார். டேப்பைச் சுற்றி, கிளிப்பைப் போட்டு இறுக்கித் தடுப்பை மூடினார். வண்டி எழுந்து நின்றது. வெளிநாட்டுக்காரன் காருக்கே நம்ம கடை ஜாயின்ட் தாங்குகிறது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல சந்தர்ப்பம் பார்த்து ஊருக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தார். இப்போது வந்திருப்பது அந்தச் சந்தர்ப்பம் இல்லை. ரெண்டடி தள்ளிச் செல்லப்பாண்டி உட்கார்ந்திருக்கிறாரே.

"எவனும் கை வைக்கல" என்றார்.

"அப்பப் பலூன்தான் போயிருச்சு" என்றார் லூர்துநாதன். காற்றுப் பையை அவர் பலூன் என்றுதான் சொல்வார். "இந்தா பாருங்க, ரப்பர் வெடிச்சுக் கிடக்கு."

பார்த்தால் வெடிப்பு இருந்தது. பழைய வண்டி, இருக்கத்தானே செய்யும். கொச்சியிலிருந்து புதுப் பை வரவழைத்தார்கள். அது வந்த விலையை வைகுண்டராஜ் சாராளிடம் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. புதன்கிழமை மாட்டினார்கள். வண்டி கம்பீரமாக நின்றது. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் பழையபடி இடது பக்கம் முழங்கால்.

"பை பழசா இருந்ததும் உண்மை. ஆனா நோய் அது இல்ல" என்று லூர்துநாதன் தலையைச் சொறிந்தார். "இனி வால்வுப் பெட்டியைப் பிரிச்சாகணும். அதைத் தொட்டா கம்பெனிக்காரன்தான் வரணும். எம்புட்டு நாளாகுமோ தெரியாது. பேசாம முன்னால ரெண்டு பக்கமும் பலூனைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பிரிங் வச்சுருவோம் அண்ணாச்சி. தேனில செட்டு இருக்கு. ஒரே உசரம். ஆயுசுக்கும் உக்காராது."

ஒரே உசரம். அந்த ரெண்டு வார்த்தை வைகுண்டராஜின் நெஞ்சில் போய் இறங்கியது. அந்த உசரத்துக்குச் சாராள் ஏற மாட்டாள். பழைய நாற்காலிக்கும் பழைய ஜன்னலுக்கும் திரும்பிப் போய்விடுவாள்.

"அது வேணாம் லூர்து. எனக்கு ஏத்தி இறக்குற மாதிரிதான் வேணும்."

"என்னத்துக்கு?"

"எஸ்டேட் ரோடு..."

"ஸ்பிரிங்கு வச்சா எப்பவும் உசரமாத்தானே நிக்கும்? எஸ்டேட்டுக்கு அதுதானே நல்லது?"

தான் சொன்ன பொய்யே தன் காலைச் சுற்றும் என்று வைகுண்டராஜ் நினைத்திருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாராளும் அதையே சொன்னாள். அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே, அவரை நிமிர்ந்து பார்க்காமல்.

"ஸ்பிரிங்கே போட்டுருங்க. எதுக்கு இந்த வம்பு? ஊரே சிரிக்குது. பால்காரர் வந்து, 'டீச்சர், வண்டி எந்திரிச்சிருச்சா, இன்னும் ஜெபத்துல இருக்கா'ன்னு கேக்குறாரு."

"வண்டி என் வண்டி. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்த லட்சணம்தான் தெரியுதே. புதுப் பலூன் வாங்கி மாட்டி, பிறந்தநாள் முடிஞ்ச வீட்டுப் பலூன் மாதிரி நிக்குது."

"சாராளு, உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்றாள் சாராள். ரொம்ப அமைதியாகத்தான் சொன்னாள். கோபத்தில் இருந்த வைகுண்டராஜுக்கு அந்த அமைதி உறைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பிரதிஷ்டை, மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று ஜெபஷீலாவின் கட்டளை. ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்கள். வண்டி தானாகவே பதுங்கிக் கிடந்ததால் சாராள் சிரமமில்லாமல் ஏறினாள். ஓடினால் கம்ப்ரசர் காற்றைப் பிடித்து ஏற்றிவிடும் என்று அவர் நம்பினார். ஊர் எல்லை வரை ஏற்றியும் விட்டது. அதற்கப்புறம் அதுவும் மூச்சு வாங்கிக் கையை விரித்தது. இடது சக்கரம் தடுப்பில் உரசிக் கரகரவென்று கத்த, ரப்பர் கருகும் நாற்றத்தோடு லூர்துநாதன் ஒர்க்‌ஷாப்புக்குள் நொண்டிக்கொண்டே போய் நின்றார்கள்.

சனிக்கிழமை என்பதால் ஒர்க்‌ஷாப்பில் கூட்டம். ஜீப் டிரைவர்கள் நாலைந்து பேர். பிரேக் சரியாகி வண்டியை எடுத்துப்போக வந்த செல்லப்பாண்டி. சாராளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"நல்லவேளை, நான் செட்டை வாங்கி வச்சுட்டேன்" என்றார் லூர்துநாதன். பளபளவென்று ரெண்டு ஸ்பிரிங் பெஞ்சின் மேல் நின்றன. "ரெண்டு மணி நேரம். மத்தியானப் பந்திக்குக் கூடலூர்ல இருப்பீக. என்ன டீச்சர், சரிதானே?"

"சரிதான். போட்டுருங்க" என்றாள் சாராள்.

வைகுண்டராஜின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லூர்துநாதன் ஜாக்கியை வைத்தார். சக்கரம் கழன்றது. லூர்துநாதன் கட்டிங் பிளேயரை எடுத்துக் காற்றுக் குழாயைப் பிடித்தார்.

"இது இனி வேலைக்கு ஆகாது. வெட்டி விட்டுர்றேன்."

வைகுண்டராஜ் மனைவியைப் பார்த்தார். பிரதிஷ்டைக்கென்று எடுத்த பட்டுச்சேலை. மடியில் தங்கைக்கு வாங்கிய, வேத வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம், பேப்பர் சுற்றி. இன்றைக்கு எப்படியாவது போய்விடுவாள். நாளைக்கு? அடுத்த மாசம்? வாய் இருக்கிற மனுசன் இந்த நேரத்துக்குப் பேசாமல் வேறு எந்த நேரத்துக்குப் பேசுவான்?

"லூர்து, இரு. வெட்டாத."

"என்ன அண்ணாச்சி?"

"அந்தப் பிளாஸ்டிக் தடுப்பைக் கழட்டிப் பாரு."

"அங்கன என்ன இருக்கு? வெறும் குழாய்தானே போகுது?"

"வெறும் குழாய் போகல. கழட்டேன்யா."

லூர்துநாதன் கழற்றினார். டார்ச் அடித்தார். பிறகு சோப்புத் தண்ணீரை எடுத்து ஒரு பீய்ச்சுப் பீய்ச்சினார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. ஜீப் டிரைவர்கள் எல்லாம் குனிந்தார்கள். செல்லப்பாண்டியும் எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாகக் குனிந்தார்.

"லூர்து, அது என்ன கறுப்பா?"

"அதான் எனக்கும் விளங்கல. கார்ல இப்படி ஒண்ணு வராதே."

"எனக்கு விளங்குது" என்றார் செல்லப்பாண்டி. சொர்க்கமே கண்ணுக்குத் தெரிந்த முகம் அவருக்கு. "எங்க தோட்டத்துல இது நானூறு கிடக்கு."

எல்லோரும் வைகுண்டராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது இரண்டும் சுட்டது. இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். கோட்டயத்துக்காரன் தலையில் போடலாம். போட்டால் யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வாரமாகப் பொய்யோடு குடித்தனம் நடத்தி அவருக்கு அலுத்துவிட்டது.

"எங்க கடை ஜாயின்ட்டுதான்" என்றார் சத்தமாக. "நான்தான் மாட்டினேன். எலி கடிச்சுருச்சு, அவசரத்துக்கு மாட்டிட்டேன். ஒழுகுது."

"என்ன அண்ணாச்சி, கடைசியா ஒண்ணு சொன்னீகளே, சரியாக் கேக்கல" என்றார் செல்லப்பாண்டி.

"ஒழுகுதுய்யா. என் கடை ஜாயின்ட்டு ஒழுகுது. போதுமா?"

"குழாயை நேரா வெட்டினீகளா? உள்ள முழுசாத் தள்ளினீகளா? சின்னப் பிள்ளைகூடச் செய்யுமே."

ஒர்க்‌ஷாப் கொல்லென்று சிரித்தது. ஒரு டிரைவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லூர்துநாதனுக்குச் சிரிப்போடு ஆச்சரியமும் சேர்ந்துகொண்டது. "தண்ணிக்குச் செஞ்சது அண்ணாச்சி. இம்புட்டு காத்தழுத்தத்தை இது மூணு மாசம் தாங்குனதே பெரிசு. என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா புதுப் பலூனே வேண்டியதில்லையே."

"தெரியும்" என்றார் வைகுண்டராஜ்.

செல்லப்பாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஆள் நல்லவர், ஜெயித்தபின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா அவன் பாட்டுக்கு ஸ்பிரிங்கை மாட்டியிருப்பான். அந்த ஜாயின்ட்டு அங்கனயே மக்கிப் போயிருக்கும். இம்புட்டு அவமானப்பட்டு அந்தப் பலூனைக் காப்பாத்தி என்ன ஆகப்போகுது?"

வைகுண்டராஜ் சாராள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். காரணத்தைச் சொன்னால் இத்தனை பேர் முன்னாலும் அவள் முழங்காலைச் சொல்ல வேண்டும். சொன்ன நிமிசமே அந்தப் 'பாவம்' வந்துவிடும்.

"எனக்கு அப்படி ஒரு கிறுக்கு" என்றார். "பட்டனை அமுக்கி ஏத்தி இறக்கி விளையாடப் பிடிக்கும். வயசான காலத்துல ஒரு ஆசை. விடு."

"நல்ல ஆசை போங்க" என்று மறுபடியும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். சாராள் மட்டும் சிரிக்கவில்லை. புருசனை இத்தனை நாள் கேலி செய்வதற்கு ஒரு வாய்ப்பையும் விடாதவள், இப்படி ஒரு வாய்ப்பு வந்து மடியில் விழுந்தும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் வேலை அரை மணி நேரம்தான். லாரி பிரேக்கின் காற்றுக் குழாய்களை இணைக்கப் போடுகிற பித்தளை யூனியன் ஒன்றை லூர்துநாதன் டப்பாவைக் கிண்டி எடுத்தார். அளவு பார்த்து மாட்டினார். சோப்புத் தண்ணீர் அடித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சக்கரத்தைப் பூட்டி, வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, சக்கரத்துக்கு மேலே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு மணி நேரம் நிக்கட்டும். கோடு இறங்கலன்னா நீங்க கிளம்பலாம்."

டீ வந்தது. குடித்தார்கள். அந்த நேரத்துக்குள் வைகுண்டராஜ், திங்கட்கிழமை கடைக்கு வந்தால் அந்த நானூறில் ஒழுகுகிற அத்தனையையும் மாற்றித் தருகிறேன் என்று செல்லப்பாண்டியிடம் ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. வண்டி நாலு காலிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பழைய ஜீப்பைவிட ஒரு விரல் உயரமாகவே நின்றது.

"ஸ்பிரிங்கை என்ன செய்ய?" என்றார் லூர்துநாதன் கொஞ்சம் வருத்தமாக.

"எவனுக்காச்சும் மாட்டு. இரும்பை நம்புறவனா பாத்து மாட்டு."

சாராள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். சேலையைச் சரி செய்துகொண்டு வண்டியை நோக்கி வந்தாள். வைகுண்டராஜ் அவசர அவசரமாக ஓட்டுநர் பக்கம் ஓடினார். அவள் வந்து சேர்வதற்குள் பட்டனை அமுக்கியாக வேண்டும். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிவிட்டார்.

"அமுக்காதீக" என்றாள் சாராள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னது?"

"அந்தப் பட்டனைத்தான். அமுக்காதீக. இங்கிட்டு வாங்க."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஜீப் டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துநாதன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசரமா இருக்கே சாராளு" என்றார் வைகுண்டராஜ், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒரு நிமிசம். இறக்கிர்றேன்."

"இருக்கட்டும். கையைக் குடுங்க."

அவர் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை பேருக்கு நடுவில், பட்டப்பகலில், முப்பத்தேழு வருச வாழ்க்கையில் முதல் தடவையாக. அவர் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். முழங்கால் நடுங்கியது. மற்றக் கையை அவர் தோளில் ஊன்றினாள், அதுவும் முழுப் பாரத்தோடு.

"ம், தூக்குங்க. பலூனுக்கு இருக்கிற தெம்புகூடவா உங்களுக்கு இல்ல?"

தூக்கினார். இடுப்பில் எங்கோ ஒன்று சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். 'பாவம்' என்று சொல்லத் தைரியமுள்ளவன் சொல்லட்டும் என்கிற பார்வை. யாரும் சொல்லவில்லை. ஒரு டிரைவர் எட்டி வந்து கதவைச் சாத்திவிட்டு, "பாத்துப் போயிட்டு வாங்க டீச்சர்" என்றார்.

வண்டி உத்தமபாளையத்தைத் தாண்டியது. ரோட்டின் ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள் ஓடின.

"எப்பத் தெரியும்?" என்றார் வைகுண்டராஜ், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"முதல் நாளே. கிளாஸ்ல கடைசி பெஞ்சுல குசுகுசுன்னு பேசுறது கேக்குற காது எனக்கு. புஸ்ஸுன்னு காத்து இறங்குறது கேக்காதா?"

"அப்புறம் எதுக்கு ஸ்பிரிங்கு போடச் சொன்ன?"

சாராள் மடியில் இருந்த சட்டத்தின் பேப்பரை நீவிவிட்டாள்.

"ஊரு உங்களைச் சிரிக்கிறதைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குத் தெரியாத மாதிரி உக்காந்திருக்க? எனக்காக நீங்க சிரிப்புக்கு இடமாகிறதுக்குப் பதிலா, நான் வீட்டோட இருந்துக்கிறேன்னு நினைச்சேன். இன்னைக்குக் கிறுக்குன்னு சொன்னீக பாருங்க..." அத்தோடு நிறுத்திக்கொண்டாள். டீச்சராக இருந்து பழகியவள், வகுப்பில் செருமுகிற மாதிரி செருமிக்கொண்டாள்.

வைகுண்டராஜுக்கு அப்போது இருந்த சந்தோசத்தில், எதிரே வந்த டவுன் பஸ்காரனுக்குத் தேவையில்லாமல் வழிவிட்டார். சீட்டில் நகர்ந்து உட்காரும்போது இடுப்பு மறுபடியும் சுரீர் என்றது. "ஸ்ஸ்" என்றார் தன்னையறியாமல்.

சாராள் திரும்பிப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல."

"கூடலூர்ல பட்டனை அமுக்கிருங்க" என்றாள். "ஜெபா வீட்டு வாசல்ல இருநூறு பேர் நிப்பாக. நான் உங்க கையைப் பிடிச்சுத்தான் இறங்குவேன். இந்த உசரத்துல இருந்து இறங்குனா நீங்க தாங்க மாட்டீக."

"சரி" என்றார் வைகுண்டராஜ்.